குழந்தைக்கு ஏற்ற தெரு எது? சென்னையில் வீடு தேடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் நகரத்தில் வீடு தேடும்போது வாடகை, அட்வான்ஸ், அலுவலகத்துக்கு உள்ள தூரம் ஆகியவையே முதலில் பேசப்படுகின்றன. பாதுகாப்பைப் பற்றிய பேச்சு, திருட்டு பயம் உண்டா என்ற ஒரே கேள்வியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு நேரும் ஆபத்துகள் வேறு: சந்தில் வேகமாகத் திரும்பும் பைக், மூடி சரியாகப் பொருந்தாத சம்ப், மழைத் தண்ணீரில் கசியும் மின்சாரம், கொசு, தெருநாய், புகை. பேர் பெற்ற ஏரியாவில் வீடு கிடைத்துவிட்டால் இவை நீங்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஒரே ஏரியாவில் ஒரு தெரு குழந்தைக்கு ஏற்றதாகவும் அடுத்த தெரு ஆகாததாகவும் இருக்கும். வீட்டைச் சுற்றிக் குழந்தை அன்றாடம் புழங்கப்போகும் அரை கிலோமீட்டரை நடந்து பார்த்து எடை போடுவதே நம்பகமான வழி.

வெள்ளம்

சென்னையில் முதலில் கேட்க வேண்டியது மழைக்காலத்தைப் பற்றித்தான். நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள சமதளம். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மழை நின்ற பிறகும் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை.

தென்சென்னையில் இப்படித் தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் நில அமைப்பில் இருக்கிறது. அங்குள்ள பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும் போக வேண்டும். அந்தச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் சாலைகளாகவும் குப்பைக் கிடங்காகவும் மாறிவிட்டது. எஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்டது. நீர் தங்கும் இடம் சுருங்கியதால் தாழ்வான தெருக்களே அந்தத் தண்ணீரைத் தாங்குகின்றன.

ஒரு தெருவின் வெள்ள வரலாற்றை அங்குள்ள சுவர்களே காட்டிவிடும். காம்பவுண்டுச் சுவரில் குறுக்கே ஓடும் பழுப்புக் கறை, கீழ்ப்பகுதியில் மட்டும் உதிர்ந்த பூச்சு, இரும்புக் கேட்டின் அடிப்பாகத்தில் மட்டும் ஏறிய துரு ஆகியவை தண்ணீர் நின்ற உயரத்தைச் சொல்லும். சாலையை மேல்மேலே போட்டுப் போட்டு உயர்த்தியதால் தரைத்தளம் தெருவைவிடத் தாழ்ந்துபோன வீடுகளும் நிறைய உண்டு. வாசற்படியில் ஏறிப் போகிறோமா, இறங்கிப் போகிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். புரோக்கரைவிட, தரைத்தளத்தில் பல வருடங்களாகக் குடியிருப்பவரும் தெருமுனைக் கடைக்காரரும் உண்மையைச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: “2015இல் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது? 2023இல் எத்தனை நாள் கரண்ட் இல்லை?” இரண்டாவது கேள்வி மாடி வீட்டுக்கும் பொருந்தும். கைக்குழந்தையுடன் பால், குடிநீர், மின்சாரம் இல்லாமல் மூன்றாவது மாடியில் நாள்கணக்கில் இருப்பதும் ஆபத்துதான்.

தெருவோர மின்பெட்டிகள் தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றனவா, விளக்குக் கம்பங்களில் ஒயர் வெளியே தொங்குகிறதா என்பதையும் இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

போக்குவரத்து

ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 110 செ.மீ. தெருவோரம் நிறுத்திய பெரிய காரின் முன்பகுதியே அந்த உயரத்தை நெருங்கிவிடும். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து தெருவுக்குள் வரும் குழந்தையை ஓட்டுநர் பார்க்க முடியாது. குழந்தைக்கும் வண்டி தெரியாது. வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் அந்த வயதில் முழுமையாக வளர்ந்திருப்பதும் இல்லை.

ஆகவே வண்டியின் வேகமே தீர்மானிக்கும் காரணம். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து செல்லும் தெருக்களில் மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2023இல் அறிவித்த வேக வரம்பிலும் குடியிருப்புப் பகுதிகளுக்கு இதே 30 கி.மீ.தான். ஆனால், இரண்டு பிரதான சாலைகளை இணைக்கும் குறுக்குவழியாக ஒரு தெரு மாறிவிட்டால், நெரிசல் நேரத்தில் இந்த வரம்பை மதிப்பவர்கள் குறைவு. தண்ணீர் லாரிகள் அடிக்கடி போய்வரும் தெருவிலும் கூடுதல் கவனம் தேவை. மறுபக்கம் வழியில்லாத முட்டுத் தெருவும், வளைந்து செல்லும் உள்தெருவும், வேகத்தடை உள்ள தெருவும் குழந்தைகளுக்கு நல்லவை. பள்ளிக்குப் போகும் வழியில் பெரிய சாலையைக் கடக்க வேண்டுமானால் அங்கே சிக்னலும், பைக்குகள் ஏறாத நடைபாதையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தெருவில் ஆட்கள்

யாருமே இல்லாத தெரு அமைதியானது. ஆனால் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் நகரங்களைப் பற்றி 1961இல் வெளியிட்ட நூலில், தெருவைக் காப்பது அங்கே வாழ்ந்து புழங்கும் மக்களின் கண்கள்தான் என்று விளக்கினார். சென்னைத் தெருவில் அந்தக் கண்கள் மளிகைக் கடைக்காரருடையவை, இஸ்திரி வண்டிக்காரருடையவை, பூ விற்கும் அம்மாவுடையவை, மாலையில் வாசலில் உட்காரும் பெரியவர்களுடையவை. இன்னார் வீட்டுப் பிள்ளை தனியாகப் போகிறதே என்று அவர்கள் கவனிப்பார்கள். உயர்ந்த மதில்களும் மூடிய கேட்டுகளும் மட்டுமே உள்ள தெருவில் இந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை.

இதற்கும் போக்குவரத்துக்கும் தொடர்பு உண்டு. டொனால்ட் ஆப்பிள்யார்டு என்ற நகரத் திட்ட அறிஞர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போகும் தெருவில் வசிப்பவர்களுக்கு, 16,000 வண்டிகள் போகும் தெருக்காரர்களைவிட அதே தெருவில் மூன்று மடங்கு நண்பர்கள் இருந்தார்கள்.

குற்றங்களைப் பற்றி ஒரு உண்மையை மறக்கக் கூடாது. போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. வாட்ச்மேன், சிசிடிவி கேமரா, நல்ல ஏரியா ஆகியவை இந்த ஆபத்தை நீக்காது. குழந்தையோடு மனம்விட்டுப் பேசும் வீடும், அது சொல்வதை நம்பும் பெற்றோரும் எங்கே குடியிருந்தாலும் தேவை. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

காற்று, கொசு, கால்நடைகள்

குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்கும் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கும் அருகில் வீடு பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது. 2023 டிசம்பர் இறுதியில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும், அதிக தூரம் பறக்காது. அதனால் பக்கத்து மனையில் கிடக்கும் டயர், பாதியில் நின்ற கட்டடம், மூடாத தொட்டி ஆகியவை நேரடியாக அந்த வீட்டைப் பாதிக்கும். குப்பைத் தொட்டி நிரம்பி வழியும் முனையில் தெருநாய்கள் கூடும். வெறிநாய் எனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவில் திரியும் மாடுகளையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023இல் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கியெறிந்து காயப்படுத்தியது.

பள்ளி, பூங்கா, மருத்துவம்

பள்ளி நடந்து போகும் தொலைவில் இருந்தால் வேன் பயணமும் அதன் ஆபத்தும் குறையும். கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் அந்தச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் முக்கியமானது.

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடம் திறந்தவெளிக்காக ஒதுக்கப்பட வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடம் நிஜத்தில் பூங்காவாக இருக்கிறதா, கார் நிறுத்தமாகிவிட்டதா என்று நேரில் பார்த்துவிட வேண்டும். மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையமும், இரவில் குழந்தை மருத்துவர் இருக்கும் மருத்துவமனையும் எவ்வளவு தொலைவு என்பதோடு, அந்தச் சந்துக்குள் 108 ஆம்புலன்ஸ் நுழையுமா என்பதும் முக்கியம்.

வீடும் வளாகமும்

கடைசியாகக் கட்டடம். சம்ப், கழிவுநீர்த் தொட்டி இரண்டுக்கும் குழந்தையால் தூக்க முடியாத, பூட்டக்கூடிய மூடி வேண்டும். பால்கனிக் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. கைப்பிடி கிடைமட்டக் கம்பிகளாக இருந்தால் குழந்தை ஏணிபோல் ஏறிவிடும். லிஃப்ட் கதவு, மொட்டைமாடிக் கதவின் பூட்டு, கார் பின்னோக்கி வரும் இடத்துக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நடுவில் தடுப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீடு வாங்குபவர்கள் பணி நிறைவுச் சான்றிதழையும் கேட்டுப் பெற வேண்டும்.

முடிவெடுக்கும் முறை

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவுக்கு வெவ்வேறு வேளைகளில் போக வேண்டும்: பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரத்தில், இரவு ஒன்பது மணிக்கு, முடிந்தால் ஒரு மழை நாளில். குழந்தையையும் கையில் பிடித்து அழைத்துப் போனால், அது எங்கெல்லாம் தெருவில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

எல்லாம் பொருந்திய வீடு கையிலுள்ள பணத்துக்குள் கிடைப்பது அரிது. குறைகளை இரண்டாகப் பிரித்தால் முடிவு எளிதாகும். எரியாத தெருவிளக்கு, உடைந்த மூடி, அள்ளாத குப்பை ஆகியவற்றை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்தோ வீட்டு உரிமையாளரிடம் பேசியோ சரிசெய்ய முடியும். தாழ்வான நிலம், பக்கத்துக் குப்பைக் கிடங்கு, வாசலை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலை ஆகியவற்றைக் குடியிருப்பவர் மாற்ற முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் கிடைக்கும் மூன்று படுக்கையறை வீட்டைவிட, மேடான உள்தெருவில் பள்ளிக்கு அருகே உள்ள இரண்டு படுக்கையறை வீடு குழந்தைக்கு நல்லது.