குழந்தை நிலையங்களின் தரமும் அங்கத்தினர் கடமையும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகள் வருஷந்தோறும் தணிக்கை செய்யப்படவேண்டியதன் அவசியத்தை எந்த அங்கத்தினருக்கும் இன்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பால் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர், அப்பாலின் கொழுப்பளவு தம் கண்முன் சோதிக்கப்படவேண்டுமென்று எதிர்பார்க்கிறார். உரம் வாங்குகிறவர் மூட்டையின் முத்திரையைப் பார்த்தே வாங்குகிறார். ஆனால் மூன்று வயதுக் குழந்தையைக் காலையில் ஒரு நிலையத்தில் விட்டுவிட்டுத் தறிக்கும், பூந்தோட்டத்திற்கும், நூற்பாலைக்கும் செல்லும் பெற்றோர், அந்நிலையத்தின் தரத்தை எந்த அளவுகோல் கொண்டு அறிகிறார்கள்? அத்தகைய அளவுகோல் ஒன்று உண்டு. அதில் பெரும்பகுதியைக் கிராமத்தாரே கையாள முடியும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காந்திகிராமத்தின் முன்மாதிரி

திண்டுக்கல் ஜில்லாவில் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் அருகே அமைந்துள்ள காந்திகிராமம், 1947-ம் வருஷத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாராலும் ஜி. ராமச்சந்திரன் அவர்களாலும் ஸ்தாபிக்கப்பட்டது. 1944-ம் வருஷத்தில் காலமான கஸ்தூர்பா அம்மையாரின் ஞாபகார்த்தமாகத் திரட்டப்பட்ட நிதி, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவிடப்படவேண்டுமென்று காந்தியடிகள் விதித்திருந்தார். அந்நிதியின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாகப் பணியாற்றியவர் சௌந்தரம் அம்மையார். ஆகவே தாயும் சேயும் காந்திகிராமத்தின் வேலைத்திட்டத்தில் முதலிலிருந்தே முதன்மை பெற்றனர்.

1937-ம் வருஷத்தில் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக்கல்வி, முதலில் ஏழு வயதிற்கு மேற்பட்ட குழந்தைகளையே கருதியது. 1945-ம் வருஷத்தில் சேவாகிராமத்தில் கூடிய மகாநாட்டிற்குப் பின்னர், ஏழு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளும் பூர்வ ஆதாரக்கல்வி என்ற பெயரால் அதில் சேர்க்கப்பட்டனர். ஏறக்குறைய அதே காலத்தில், இன்றைய திண்டுக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கோடைக்கானலில், இத்தாலிய தேசத்து டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் தங்கியிருந்தார். 1939-ம் வருஷ முடிவில் சென்னை அடையாற்றிற்கு வந்த அவர், யுத்தத்தின் காரணமாகத் தாய்நாடு திரும்ப இயலாமல், 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் வசித்துச் சிறு பள்ளியொன்றை நடத்தினார். சிறு குழந்தையின் கல்வி விளையாட்டுக் காரியமன்று, கவனித்து முறையாகச் செய்யவேண்டிய தொழில் என்ற கருத்து இப்பிரதேசத்திற்குப் புதிதன்று.

காந்திகிராமத்தில் 1956-ம் வருஷத்தில் தோன்றிய கிராமிய ஸ்தாபனம், 1976-ம் வருஷத்தில் சர்வகலாசாலைக்கு நிகரான அந்தஸ்து பெற்றது. உயர்தரக் கல்வி ஸ்தாபனங்களைச் சோதித்துத் தரச்சான்று வழங்குவதற்கென்றே இந்தியாவில் 1994-ம் வருஷத்தில் ஒரு தேசியக் குழு நிறுவப்பட்டது. காந்திகிராம ஸ்தாபனமும் அக்குழுவின் சோதனைக்கு உட்பட்டுச் சான்று பெற்றதாகும். பதினெட்டு வயது மாணவன் பயிலும் இடத்திற்கு இத்தகைய சோதனை உண்டு. தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லவும் அறியாத மூன்று வயதுக் குழந்தை இருக்கும் இடத்திற்கு அது இந்நாட்டில் இன்னும் பொது வழக்கமாகவில்லை. இக்குறைபாடே ஆராயத்தக்கது.

அனுமதி வேறு, தரச்சான்று வேறு

ஒரு நிலையம் திறக்கலாம் என்று சர்க்கார் அளிப்பது அனுமதி. அந்நிலையம் நன்றாக நடைபெறுகிறது என்று பரிசோதித்துக் கூறுவது தரச்சான்று. சங்கம் பதிவு செய்யப்படுவதற்கும், தணிக்கையில் முதல் வகுப்புப் பெறுவதற்கும் உள்ள வேற்றுமை இதுவேயாகும். பதிவு ஒருமுறை செய்யப்படுவது. தணிக்கை திரும்பத் திரும்ப நிகழ்வது.

அமெரிக்க தேசத்தில் சிறு குழந்தைகளின் கல்விக்கான தேசிய சங்கம் 1985-ம் வருஷத்தில் இத்தகைய சான்று முறையை ஏற்படுத்தியது. அம்முறையில் நிலையத்தார் முதலில் தம்மைத் தாமே ஆராய்ந்து, குறைகளைக் குறித்துத் திருத்திக்கொள்ளுகின்றனர். பின்னர் வெளியார் நேரில் வந்து பார்வையிடுகின்றனர். சான்று குறிப்பிட்ட காலத்திற்கே செல்லும். அதன்பின் மறுபடியும் சோதனை உண்டு. இவற்றுள் மிகுந்த பயன் தருவது சுயபரிசோதனையே என்று கூறலாம். பிறர் வருமுன் தம் குறையைத் தாமே அறிந்தவர், அதைத் திருத்தவும் விரும்புவர்.

இந்நாட்டு ஏற்பாடுகள்

1975-ம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ந் தேதி தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் ஏற்பட்டன. கிராம ஜனங்கள் அவற்றைப் பால்வாடி என்றே வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் 1982-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் குழந்தைகள் நிலையத்திற்கு நாள்தோறும் வருவதற்குப் பெருந்துணை செய்தது. இன்று மாகாணத்தில் ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. ஆறு வயது வரையிலுள்ள குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயலவேண்டுமென்று 2002-ம் வருஷத்தில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. தனியார் நடத்தும் விளையாட்டுப் பள்ளிகளுக்காகத் தமிழ்நாட்டில் 2015-ம் வருஷத்தில் ஒழுங்குமுறை விதிகள் வகுக்கப்பட்டன.

இவற்றுள் தரத்தைக் குறித்துத் தெளிவாகப் பேசுவது மத்திய சர்க்கார் 2013-ம் வருஷத்தில் வெளியிட்ட தேசியக் கொள்கையாகும். அங்கன்வாடியாயினும், தர்ம ஸ்தாபனமாயினும், கட்டணம் வாங்கும் பள்ளியாயினும் எல்லாவற்றிற்கும் பொதுவான குறைந்தபட்ச அளவுகளை அது வகுத்துள்ளது.

குறைந்தபட்ச அளவுகள்

முப்பது குழந்தைகளுக்கு முப்பத்தைந்து சதுர மீட்டருக்குக் குறையாத அறை ஒன்று வேண்டும். சுமார் 20 அடி நீளமும் 19 அடி அகலமும் உள்ள அறை இதற்குப் போதுமானது. வெளியே விளையாட முப்பது சதுர மீட்டர் இடம், அதாவது ஏறக்குறைய 320 சதுர அடி, இருத்தல் வேண்டும். மூன்று முதல் ஆறு வயது வரையிலுள்ள இருபது குழந்தைகளுக்கு ஒருவரும், மூன்று வயதிற்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒருவரும் கவனிப்பாளராக இருத்தல் வேண்டும். எந்த நேரத்திலும் குழந்தைகள் பெரியவர் துணையின்றி இருத்தல் கூடாது. கட்டடம் உறுதியுள்ளதாகவும், எளிதில் சென்றடையத் தக்கதாகவும் இருக்கவேண்டும். சுத்தமான குடிநீர், குழந்தைகளுக்கு ஏற்ற கழிப்பிடம், கைகழுவ வசதி, தனியான சமையல் இடம், உறங்க இடம், முதலுதவிப் பெட்டி ஆகியவையும் அவசியம். கல்வி நேரம் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மணி. கல்வி தாய்மொழியிலேயே நடைபெறவேண்டும்.

உணவுக்கும் அளவு உண்டு. 2013-ம் வருஷத்தில் இயற்றப்பட்டபோது உணவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்தபடி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியே கிடைக்கவேண்டியதாயிருந்தது நாளொன்றுக்கு 500 கலோரி சக்தியும் 12 முதல் 15 கிராம் புரதமும் ஆகும். போஷணைக் குறைவால் மெலிந்த குழந்தைக்கு இதனினும் அதிகம் அளிக்கப்படவேண்டும்.

அளவுகளை மீறியதன் விலை

இவ்வளவுகள் வெறும் காகித விதிகளல்ல. 2004-ம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் சமையல் இடத்திலிருந்து எழுந்த தீ கூரைக்குத் தாவியது. மாடியில் ஓலைக்கூரையின் கீழ் நெருக்கமாக அமர்த்தப்பட்டிருந்த ஆரம்ப வகுப்புக் குழந்தைகளில் 94 பேர் மாண்டனர். சர்க்காரின் உதவி பெற்ற பள்ளியும் அக்கட்டடத்தில்தான் இருந்தது. அங்கீகாரம் ஒன்றே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. கூரையையும் அடுப்பையும் மாடிப்படியையும் ஊரார் எவரும் பார்த்திருக்கக்கூடும். பார்ப்பது தம் கடமை என்று நினைக்கும் வழக்கமே இல்லாதிருந்தது.

ஓசையின்றி நேரும் நஷ்டமும் உண்டு. மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி ஆறு வயதிற்குள் முடிந்துவிடுகிறது. அவ்வருஷங்களில் மெலிந்த குழந்தையின் வளர்ச்சியைப் பின்னர் முழுவதும் ஈடுசெய்தல் அரிது. 1980-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலுள்ள குழந்தைகள் மாதந்தோறும் நிறுக்கப்பட்டனர். எடை ஏறாத குழந்தை உடனே கண்டறியப்பட்டு, அதற்கு அதிக உணவு அளிக்கப்பட்டது. தாய்மாரும் எடை அட்டையைப் பார்த்துப் புரிந்துகொண்டனர். எழுதிவைத்த கணக்கு குழந்தையைக் காப்பாற்றும் என்பதை அத்திட்டம் காட்டியது.

அடிக்கோலுக்கு அகப்படாதவை

அறையை அளந்துவிடலாம், அறையினுள் நிகழ்வதை அவ்வாறு அளக்க இயலாது. பணியாளர் குழந்தையின் பெயரைச் சொல்லி அழைக்கிறாரா, மிரட்டுகிறாரா? குழந்தை கேள்வி கேட்டால் விடை கிடைக்கிறதா? கதை, பாட்டு, மணல், மரக்கட்டை, விதை, கூழாங்கல் ஆகியவற்றுடன் குழந்தைகள் ஈடுபடுகின்றனரா, அல்லது கைகட்டி உட்கார்ந்திருக்கின்றனரா? இவற்றை அறிய அரைநாள் அமர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்விடத்தில் பெற்றோர் பலர் ஏமாறுகின்றனர். சீருடை, கழுத்துப்பட்டி, ஆங்கில எழுத்து, வீட்டுப்பாடம் ஆகியவற்றைத் தரமென்று கருதி, கடன் வாங்கியும் கட்டணம் செலுத்துகின்றனர். மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் எழுதுகோலைப் பிடிக்கும் பலம் பெறுமுன் எழுதச் செய்வது கல்வியாகாது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென வகுக்கப்பட்ட பாடத்திட்டம், "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று பெயர் பெற்றிருப்பதன் காரணம் இதுவே.

கூட்டுறவு முறையில் நடந்தவை

குழந்தை நிலையம் சர்க்காருக்கோ தனியாருக்கோ மட்டும் உரியதன்று. ஆமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, குழந்தைப் பராமரிப்புப் பணியாளர்களையே அங்கத்தினராகக் கொண்டு சங்கினி என்ற கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியது. அச்சங்கம் 1986-ம் வருஷத்தில் பதிவு செய்யப்பட்டது. இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரை அடுத்த வில்லா செல்லா என்ற கிராமத்தார், 1945-ம் வருஷத்தில் யுத்தம் முடிந்ததும், தோற்றோடிய சேனை விட்டுச்சென்ற டாங்கி, லாரிகள், குதிரைகள் ஆகியவற்றை விற்ற பணத்தைக்கொண்டு, தம் கையாலேயே பாலர் பள்ளி ஒன்றைக் கட்டினர். அந்நகரின் பாலர் பள்ளிகளைக் காணப் பல தேசத்தாரும் இன்று செல்கின்றனர்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். அளவுகளைக் கண்டிப்பாக வற்புறுத்தினால், வாடகை வீட்டில் நடைபெறும் சிறு நிலையங்கள் மூடப்பட்டு, குழந்தைகள் மறுபடியும் வரப்போரத்திலும் தறிக்குழி ஓரத்திலும் விடப்படமாட்டார்களா? அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக அக்காள் பள்ளியை விட்டு நிற்கமாட்டாளா? இந்த ஆட்சேபம் நியாயமானதே. ஆகையால் அளவுகளை மூன்று படிகளாகக் கொள்ளுதல் நலம். உயிரைப் பற்றியவை முதற்படி: கூரை, அடுப்பு, மின்கம்பி, மூடப்படாத கிணறும் தொட்டியும், குடிநீர், ஆள் துணை. இவற்றில் ஒரு நாளும் தவணை கூடாது. இடம், கழிப்பிடம், பணியாளர் தொகை ஆகியவை இரண்டாம் படி. இவற்றிற்குத் தவணை குறித்து, அத்தவணைக்குள் நிறைவேற்றலாம். கற்பிக்கும் முறை மூன்றாம் படி; அது பயிற்சியாலும் ஊக்கத்தாலும் வருஷந்தோறும் உயரவேண்டியது.

அங்கன்வாடி ஒவ்வொன்றிற்கும் ஊரார் அடங்கிய கண்காணிப்பு ஆதரவுக் குழு இருக்கவேண்டுமென்று 2011-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் வழிமுறை வகுத்தது. சங்கத்தின் அங்கத்தினர்கள், விசேஷமாகப் பெண் அங்கத்தினர்கள், அக்குழுவில் பங்குகொள்ளலாம். மாதம் ஒருமுறை இருவர் நிலையத்திற்குச் சென்று, குழந்தைகளின் எண்ணிக்கை, பெரியவர்களின் எண்ணிக்கை, எடைப் பதிவு, தண்ணீர், அடுப்பு ஆகியவற்றைப் பார்த்து ஒரு நோட்டில் குறிக்கலாம். தனியார் பள்ளியிலும் பெற்றோர் என்ற முறையில் அனுமதிச் சான்றைக் காட்டுமாறு கேட்கலாம்.

குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கத்துடன் செல்லுதல் தகாது. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவருமே சமையல், எடை, பதிவேடு, கல்வி ஆகிய யாவற்றையும் சுமக்கின்றனர். வயது குறைந்த குழந்தைகள் மிகுந்த நிலையத்தில் அவ்விருவர் போதாரெனில், அது அவர்களது குற்றமன்று. அதை எழுத்து மூலம் மேலிடத்திற்குத் தெரிவிக்கவேண்டிய பொறுப்பு ஊரைச் சேர்ந்தது. நோட்டில் மாதக்கணக்காக எழுதப்பட்ட குறிப்பு, வாய்மொழியாகக் கூறும் பத்துக் குறைகளைவிட அதிகாரிகளிடம் வலிமை பெறும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கூடும் கிராம சபையில் சாலையும் குடிநீரும் பேசப்படுகின்றன. அவற்றுடன் குழந்தை நிலையத்தின் நோட்டும் படிக்கப்படுதல் வேண்டும். எத்தனை குழந்தைகளின் எடை ஏறவில்லை என்பதே அங்கு கேட்கத்தக்க முதற் கேள்வியாகும்.