கலங்களின் கொடுக்கல் வாங்கல்: மென்சவ்வுக் கொறிப்பும் அதனைக் கண்டறியும் முறைகளும்

நிலாவெளிக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் திருகோணமலைக் கோட்டை நிற்கின்றது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு அக்கோட்டையை எழுப்பினர். பழைய தமிழ்ச் சாசனமொன்றைத் தாங்கிய கல் கோட்டை வாயிலிற் பதிந்திருப்பதை இன்றும் காணலாம். அச்சாசனத்தை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு, கோட்டையைக் கட்டியவர் தமிழ் மன்னரே என ஒருவர் முடிவு செய்வாராயின் அது பெரும் வழுவாகும். மேற்பரப்பில் உள்ளது யாது என்பது ஒரு வினா. அதனை ஆக்கியவர் யார் என்பது பிறிதொரு வினா. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவை இன்று நிர்ப்பீடனவியலிலும் எழுந்துள்ளது.

நோய்களினின்று உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களை நாம் நெடுங்காலமாகக் கோட்டைகளாகவும் காவலராகவுமே உருவகித்து வந்துள்ளோம். ஒவ்வொரு கலமும் தன் மென்சவ்வினால் வரையறுக்கப்பட்ட தனியன். அச்சவ்வின்மீதுள்ள புரதங்கள் அக்கலத்தின் சொந்த ஆக்கங்கள் என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. இக்கருத்துக்கு மாறான அவதானிப்புகள் 1970களிலேயே தோன்றின. 1999இல் ரி கலங்கள் தாம் தொட்ட கலங்களிலிருந்து புரதங்களைப் பறித்தெடுப்பதும், 2001இல் பி கலங்கள் அவ்வாறே செய்வதும் தெளிவாகக் காட்டப்பட்டன. 2003இல் பிரான்சின் துலூசு நகர ஆய்வாளரான எட்டியென் ஜோலியும் டெனி ஹுட்ரிசியேயும் இந்நிகழ்வைக் குறிக்க ‘ட்ரோகோசைற்றோசிஸ்’ என்னும் பெயரை நிர்ப்பீடனவியலில் நிலைநிறுத்தினர். கொறித்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது. நாம் இதனை மென்சவ்வுக் கொறிப்பு எனலாம்.

இரு கலங்கள் நெருங்கித் தொடும்போது, ஒன்றன் ஏற்பிகள் மற்றதன் புரதங்களை இறுகப் பற்றுகின்றன. கலங்கள் பிரியும்போது, பற்றிய புரதம் தன்னைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வுடன் துண்டாகப் பெயர்ந்து வருகின்றது. சில நிமிடங்களுள் இது நிகழ்ந்துவிடும். பெயர்ந்த துண்டு பெற்ற கலத்தின் மேற்பரப்பிலே தங்கிச் செயற்படவுங்கூடும்.

இதனைக் கண்டறியும் முறைகள் சில உள. முதலாவது, கொடுக்கும் கலத்தின் சவ்வில் ஒளிரும் சாயமொன்றை ஏற்றி, பெறும் கலத்துடன் கலந்து, சாயம் இடம்மாறியதா எனப் பார்த்தல். ஓட்டக் கலமானி என்னுங் கருவி செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கலங்களை லேசர் ஒளியினூடாகச் செலுத்தி ஒவ்வொன்றன் ஒளிர்வையும் அளக்கின்றது. இரண்டாவது, சாயத்துக்குப் பதிலாக மேற்பரப்புப் புரதங்களிற் பயோற்றின் மூலக்கூற்றைப் பிணைத்து அதனைத் தேடுதல். மூன்றாவது, நுணுக்குக்காட்டியினால் நேரே நோக்குதல். பெற்ற துண்டுகள் பெரும்பாலும் திட்டுத் திட்டாகத் தென்படும்.

ஆயினும் ஒளிர்வைக் கண்ட மாத்திரத்தே கொறிப்பு நிகழ்ந்ததெனக் கூறல் பொருந்தாது. சாயம் தானாகக் கசிந்திருக்கலாம். கலம் வெளியிட்ட நுண்குமிழிகள் ஒட்டியிருக்கலாம். பிரியாத இரு கலங்களைக் கருவி ஒன்றாக எண்ணியிருக்கலாம். எனவே இரு கலங்களையும் நுண்டுளைத் தடுப்பொன்றினாற் பிரித்து வைத்தும் சோதித்தல் வேண்டும். ஒட்டிய கலங்களைப் பிரித்து, இரட்டைகளைக் கணக்கினின்று நீக்குதல் வேண்டும். எல்லாவற்றிலும் உறுதியான சான்று, பெறும் கலத்தில் அப்புரதத்துக்குரிய பரம்பரையலகே இல்லாதிருத்தல். தான் ஆக்கவியலாத ஒன்றை அது தாங்கி நிற்குமாயின், அது பிறிதோரிடத்திலிருந்து வந்ததே.

இவ்வேறுபாடு வெறும் ஆய்வுகூட நுட்பமன்று. சிலவகைக் குருதிப் புற்றுநோய்களில், நோயாளியின் ரி கலங்களை மாற்றியமைத்து, புற்றுக்கலத்தின்மீதுள்ள சிடி19 என்னும் புரதத்தைத் தாக்கச் செய்கின்றனர். 2019இல் நியூயோர்க் ஆய்வாளர் எலிகளில் நடத்திய சோதனைகளில், அந்த ரி கலங்களே சிடி19ஐக் கொறித்தெடுத்தமை வெளிப்பட்டது. புற்றுக்கலத்தில் இலக்கு குறைந்தது. அதனைச் சுமந்த ரி கலங்களைச் சக ரி கலங்களே கொன்றன. புற்றுக்கலம் மரபுமாற்றத்தால் அடையாளத்தை இழந்ததா, சிகிச்சையே அதனை உரித்தெடுத்ததா என்பதைப் பொறுத்து அடுத்த மருத்துவ முடிவு வேறுபடலாம்; முன்னையது நிலையானது, பின்னையது மீளக்கூடியது.

இச்சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் முதன்முதல் அங்கீகரிக்கப்பட்டபோது அதன் விலை 4,75,000 டொலர். 2023இல் பம்பாய் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய சிடி19 சிகிச்சை அதனினும் மிகக் குறைந்த விலையில் இந்தியாவில் அங்கீகாரம் பெற்றது. அறிவு யாருடைய உடைமையாக இருக்கின்றது என்பதே நிலாவெளி மீனவர் குடும்பமொன்றுக்கு அது எட்டுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

இயற்கையின் உண்மையொன்றைச் சமூகக் கோட்பாட்டுக்குச் சான்றாக்குதல் ஆபத்தானது. சமூக டார்வினியம் அதனை நன்கு உணர்த்தியுள்ளது. கலங்கள் கொடுத்து வாங்குகின்றன என்பதனால் மனிதரும் அவ்வாறே வாழ்வர் என நாம் வாதிடவில்லை. ஆனால் முறையியல் சார்ந்த பாடமொன்று உண்டு. உடைமையைக் கண்டு உற்பத்தியை ஊகித்தல் கலத்திலும் தவறு, கோட்டையிலும் தவறு. ஒரு பொருள் எங்குள்ளது என்பதோடு நில்லாது, எவ்வுறவினூடாக அங்கு வந்தது என வினவுவதே விஞ்ஞான நோக்காகும்.