லீவு விட்டாச்சு... வீட்டில் யார் இருக்கா?

பரீட்சை முடிந்தால் போதும், 'பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை, என்ன செய்யலாம்?' என்று தோழிகள் பலர் இந்தப் பகுதிக்கு எழுதுகிறீர்கள். கோடை முகாம், கீபோர்டு கிளாஸ், ஓவிய வகுப்பு என்று யோசனைகளும் வருகின்றன. நல்லதுதான். ஆனால், எங்கள் போடிநாயக்கனூர்ப் பக்கம் கதையே வேறு!

இங்கே பல வீடுகளில் அம்மா, விடியும் முன்னே தூக்குவாளியோடு ஜீப் ஏறிவிடுவாள். போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயத்தான் திரும்புவாள். மலைக்குப் போகாதவர்கள் ஊருக்குள்ளேயே ஏலக்காய் பிரிக்கிற வேலைக்குப் போவார்கள். பள்ளிக்கூடம் இருக்கிற வரை கவலை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு 1982ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இருக்கிறது. 2022ல் மதுரையில் தொடங்கிய திட்டத்தால், தொடக்கப்பள்ளிச் சின்னதுகளுக்குக் காலைச் சாப்பாடும் கிடைக்கிறது. லீவு விட்டால் இரண்டும் நின்றுவிடும். அப்புறம் மதியம் யார் சோறு போடுவது, யார் கண் வைத்துப் பார்ப்பது? எங்களுக்கு அதுதான் முதல் கவலை. பொழுதுபோக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆளில்லாத வீட்டில் பிள்ளை என்ன செய்யும்? கொஞ்ச நேரம் டிவி, கொஞ்ச நேரம் செல்போன். அதுவும் சலித்தால் ஆற்றுக் கசம், தோட்டத்துக் கிணறு என்று கிளம்பிவிடும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சிலர், 'சும்மாதானே இருக்கான், கூடமாட வரட்டுமே' என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 2016 சட்டத் திருத்தத்தின்படி குற்றம். அதோடு, கையில் நாலு காசு பார்த்த பையன், ஜூன் மாதம் புத்தகப் பையைத் தூக்குவானா? லீவுக்கு என்று போனது அப்படியே நிரந்தரமாகி விடுமே!

எங்கள் தெருவில் ஒன்பது வீட்டு அம்மாக்கள் கூடிப் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டோம். தினம் ஒருத்தி வேலைக்குப் போகாமல் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று அவளுக்குக் கூலி போகுமே? மற்ற எட்டு வீடும் சேர்ந்து பாதிக் கூலியைக் கொடுத்துவிடுவோம். அரிசி, பருப்பு, காய் எல்லார் வீட்டிலிருந்தும் வரும். லீவு முடிவதற்குள் ஒருத்திக்கு மூன்று நாலு தடவைதான் முறை வரும். துணைக்கு, திண்ணையில் உட்கார்ந்து அதட்ட ஒரு அப்பத்தா இருக்கிறார். அவர் குரலுக்கு எந்த வாலும் அடங்கிவிடும்!

என்ன விளையாடுகிறார்கள் என்று கேட்கிறீர்களா? காசு செலவே கிடையாது. இந்தப் பருவத்தில் எல்லார் வீட்டிலும் புளியங்கொட்டை கிடக்கும். தரையில் 14 குழி வரைந்து, குழிக்கு 5 வீதம் 70 கொட்டை போட்டால் பல்லாங்குழி தயார். மூன்று புலி, பதினைந்து ஆடு என்று சாக்பீஸால் கட்டம் போட்டால் ஆடுபுலி ஆட்டம். பெரிய பையன்களே இதில் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக் கொள்கிறார்கள். இலவங்காய் வெடிக்கிற காலமும் இதுதான். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பஞ்சு எடுத்து, கிழிந்த பாவாடைத் துணியில் அடைத்துப் பொம்மைத் தலையணை தைக்கிறார்கள். ஊசி பிடிக்க ஆணும் பெண்ணும் சேர்ந்தே பழகட்டுமே!

கணக்கும் மறக்காது. ஐந்து கிலோ பச்சை ஏலக்காயைக் காய வைத்தால் சுமார் ஒரு கிலோதான் தேறும். 'அப்போ 35 கிலோ எடுத்தா எத்தனை கிலோ?' என்று கேளுங்கள். அம்மா தினமும் படுகிற பாடு அந்தக் கணக்கிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது, அடியில் தரையை ஒட்டி விடுகிற சரத்தில்தான் காய்க்கும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தெரியவில்லை!

மதியம் சாப்பிட்டதும் கதை நேரம். மூணாறுப் பக்கத் தேயிலை, குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கி, அப்புறம் போடிக்கு வந்ததாம். அந்த ரயில் 1924 பெருவெள்ளத்தில் அழிந்துபோனது என்று சொன்னால், கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள்.

ஒரு நாள் வெளியே கூட்டிப்போக வேண்டுமா? 2010 கடைசியில் நின்ற எங்கள் ஊர் ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. தேனி வரை போய் வந்தாலே பிள்ளைகளுக்குத் திருவிழாதான். நிஜத் திருவிழா வேண்டுமென்றால், சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் இருக்கவே இருக்கிறது. ராட்டினத்துக்கு மட்டும் கொஞ்சம் சில்லறை சேர்த்து வையுங்கள். ஆனால், கோடையில் மலைக்காட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. காய்ந்த புல்லில் தீ ஓடுகிற வேகத்துக்கு நம் கால் ஓடாது.

பக்கத்துத் தெருவிலும் இந்த வருஷம் கேட்டிருக்கிறார்கள். அதிகம் ஒன்றும் வேண்டாம் தோழிகளே. ஒரு திண்ணை, ஒரு பெரிய சோற்றுப்பானை, ஒருவரை ஒருவர் நம்புகிற மனசு, இவ்வளவுதான். லீவு விடுவதற்கு ஒரு வாரம் முன்னாடியே கூடிப் பேசிவிடுங்கள். ஜீப் ஏறுகிற அம்மா, மலை மேல் நிம்மதியாக வேலை பார்ப்பாள்!

- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்.