தொங்கும் பொருள்களும் கயிற்றின் இழுவிசையும்

பௌதிக சாஸ்திரத்தைப் பயிலத் தொடங்கும் மாணாக்கர் முதன்முதல் இடருறும் இடங்களுள் ஒன்று, கயிற்றில் தொங்கும் பொருள்களைப் பற்றிய கணக்காகும். ஒரு பொருள் மட்டும் அசைவின்றித் தொங்குமாயின் அவர்க்கு ஐயம் எழுவதில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பொருள்கள் தொங்கினும், கப்பியின்மேற் செல்லும் கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு பொருள்கள் தொங்கினும், மனம் மயங்குகின்றது. மயங்கியவர் சூத்திரங்களை மனனம் செய்து பரீட்சையைக் கடக்க முயல்கின்றனர். வினா சிறிது மாறினும் சூத்திரம் கைவிட்டுவிடுகின்றது. இவ்வகைக் கணக்குகள் யாவற்றிற்கும் திறவுகோல் ஒன்றே. அதனை ஈண்டு விளக்குவோம்.

கயிறு எதனையும் தள்ள வல்லதன்று, இழுக்கவே வல்லது. தொங்கும் கயிற்றை ஓரிடத்தில் அறுத்துவிட்டதாகப் பாவித்துக் கொள்வோம். அறுந்த இரு முனைகளும் முன்னிருந்த நிலையிலேயே இருத்தல்வேண்டுமாயின், கீழ் முனையை மேல்நோக்கியும், மேல் முனையைக் கீழ்நோக்கியும் ஒரே அளவான விசையால் இழுத்துப் பிடித்தல்வேண்டும். அவ்விசையின் அளவே அவ்விடத்துக் கயிற்றின் இழுவிசை எனப்படும்.

இனி, விதி யாதெனின்: கயிற்றை மனத்தால் அறுத்து, அறுத்த இடத்திற்குக் கீழே தொங்குவதனை மட்டும் தனியே நோக்குக. அதன்மேல் தொழிற்படும் விசைகள் இரண்டே. ஒன்று, மேல்நோக்கிய இழுவிசை. மற்றொன்று, பூமி கீழ்நோக்கி இழுக்கும் எடை. இவ்விரண்டின் வேற்றுமை, தொங்கும் நிறையை அதன் முடுக்கத்தால் பெருக்கிய தொகைக்குச் சமமாகும். 1687ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் நியூட்டன் வகுத்த இரண்டாம் விதி இதுவே.

ஓர் உதாரணம் காண்போம். உத்தரத்திலிருந்து ஒரு கயிற்றில் 3 கிலோகிராம் நிறையுள்ள பொருள் தொங்குகின்றது. அதன் அடியிலிருந்து மற்றொரு கயிற்றில் 2 கிலோகிராம் பொருள் தொங்குகின்றது. கயிறுகளின் நிறை மிகச் சிறிது எனக் கொள்வோம். கீழ்க் கயிற்றை அறுத்து நோக்கினால், அதன்கீழ் இருப்பது 2 கிலோகிராம். ஆதலின் இழுவிசை 2 × 9.8, அதாவது 19.6 நியூட்டன். மேற் கயிற்றின் இழுவிசை யாது? பலர், அக்கயிறு 3 கிலோகிராம் பொருளையன்றோ பற்றியுள்ளது என்றெண்ணி 29.4 நியூட்டன் என்பர். இது பொருந்தாது. மேற் கயிற்றை அறுத்தால் கீழே விழுவன இரண்டு பொருள்களுமாம். ஆதலின் 5 × 9.8, அதாவது 49 நியூட்டன் என்பதே விடை. மேற்பொருளை மட்டும் தனியே எடுத்துச் சரிபார்க்கலாம். அதனைக் கீழ்நோக்கி இழுப்பன தன் எடையாகிய 29.4 நியூட்டனும் கீழ்க் கயிற்றின் 19.6 நியூட்டனும் ஆகும், கூட்டினால் 49.

இவ்விரண்டையும் வினாடிக்கு வினாடி 1.2 மீட்டர் முடுக்கத்தோடு மேலே தூக்கினால், கயிறு எடையைத் தாங்குவதோடு முடுக்கத்தையும் அளித்தல்வேண்டும். அப்பொழுது 9.8 என்னும் எண் 11 ஆகின்றது. கீழ்க் கயிற்றில் 22, மேற் கயிற்றில் 55 நியூட்டன். அதே அளவான கீழ்நோக்கிய முடுக்கமாயின் 9.8 என்பது 8.6 ஆகக் குறைந்து, முறையே 17.2, 43 நியூட்டன் ஆகும். மாறா வேகத்தோடு மேலே சென்றாலும் கீழே இறங்கினாலும் இழுவிசை அசைவற்ற நிலையில் இருந்த அளவே. ஈண்டு கருதற்பாலது முடுக்கத்தின் திசையேயன்றி இயக்கத்தின் திசையன்று. மேலே சென்றுகொண்டே வேகம் தணியும் பொருளின் முடுக்கம் கீழ்நோக்கியது. அதன் கயிற்றில் இழுவிசை எடையினும் குறைந்தே இருக்கும். குடத்தை மெல்ல இழுக்கத் தாங்கும் கிணற்றுக் கயிறு, வெடுக்கென இழுக்க அறுவதும் இதனாலேயாம்.

கயிற்றுக்கும் நிறை உண்டாயின் இழுவிசை இடத்திற்கிடம் வேறுபடும். மீட்டருக்கு 1 கிலோகிராம் நிறையுள்ள 50 மீட்டர் கயிற்றில் 200 கிலோகிராம் பளு தொங்குவதாகக் கொள்வோம். அடியில் இழுவிசை 1960 நியூட்டன். உச்சியிலோ கயிற்றின் எடையும் சேர்ந்து 2450 நியூட்டன். ஆழமான சுரங்கங்களில் கயிறு தன் பாரத்தாலேயே தளர்வுறும் என்பது இதனால் விளங்கும். அங்கே மாந்தர் உயிரே கயிற்றில் தொங்குகின்றது. முற்காலத்தில் சணற்கயிறுகளையும் இரும்புச் சங்கிலிகளையும் பயன்படுத்தினர். கயிறு நைந்துபோகும், சங்கிலியில் ஒரு வளையம் முறிந்தாலும் பளு முழுவதும் வீழும். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் கிளௌஸ்தால் என்னும் ஊரிற் சுரங்க அதிகாரியாயிருந்த வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்பார் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கி, 1834ஆம் ஆண்டில் சுரங்கத்திற் பயன்படுத்தினார். ஒரு கம்பி அறினும் ஏனையவை பளுவைத் தாங்கும். கணக்கில் வரும் இழுவிசையினும் பன்மடங்கு வலிமையுள்ள கயிற்றையே பொறியியலார் தெரிந்தெடுப்பர்.

இனிக் கப்பியை நோக்குவோம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சார்ந்த ஜார்ஜ் ஆட்வுட் என்பார், 1784இல் வெளியிட்ட நூலில் ஒரு கருவியை விவரித்தார். எளிதிற் சுழலும் கப்பியின்மேல் ஒரு நூல். அதன் இரு முனைகளிலும் ஏறக்குறையச் சமமான இரண்டு நிறைகள். தானே வீழும் பொருள் முதல் வினாடியிலேயே 4.9 மீட்டர் கடந்துவிடுமாதலின் அதனைக் கண்ணால் அளத்தல் அரிது. ஆட்வுட் அவ்வீழ்ச்சியை மந்தமாக்கினார்.

ஒரு புறம் 520 கிராமும் மறுபுறம் 480 கிராமும் தொங்குக. கப்பியின் நிறையையும் உராய்வையும் விட்டுவிடுவோம். இயக்குவது 40 கிராமின் எடை. இயங்குவது 1000 கிராம். ஆகவே முடுக்கம் 9.8இல் நூறில் நான்கு பங்கு, அதாவது 0.392. முதல் வினாடியில் கடக்கும் தூரம் இருபது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவே. நூலின் இழுவிசையை அறிய, முன்போலவே ஒரு பக்கத்தை அறுத்து நோக்குக. ஏறும் பக்கத்தில் 0.48 × 10.192, இறங்கும் பக்கத்தில் 0.52 × 9.408. இரண்டும் 4.892 நியூட்டன் என்றே வருகின்றன. இரு வழியில் ஒரே விடை வருதலே கணக்குச் சரியென்பதற்குச் சான்று.

இதிலே ஒரு வியப்பும் உண்டு. கப்பியைத் தாங்கும் கொக்கியின்மேல் விழும் பாரம் இழுவிசையின் இருமடங்கு, அதாவது 9.784 நியூட்டன். தொங்கும் பொருள்களின் மொத்த எடையோ 9.8 நியூட்டன். பொருள்கள் குறையாதிருக்கப் பாரம் குறைந்தது எங்ஙனம்? மிகுந்த நிறை கீழ்நோக்கி முடுகுவதால், இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் அவற்றின் நிறைமையம் கீழ்நோக்கி முடுகுகின்றது; அம்முடுக்கத்திற்கு வேண்டிய விசையளவே பாரம் குறைந்துளது. கப்பியை நகராமற் பிடித்து நிறுத்தினால் கொக்கி 9.8 நியூட்டனையும் தாங்கும்.

ஆகவே மாணாக்கர் கணக்கைக் கண்டவுடன் சூத்திரத்தைத் தேடாது, படம் ஒன்று வரைக. எந்தப் பொருளைத் தனியே எடுக்கின்றோம், அதன்மேல் எவ்வெவ் விசைகள் தொழிற்படுகின்றன, முடுக்கம் எத்திசையது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுக. எஞ்சி நிற்பது கூட்டலும் பெருக்கலுமே. இம்முறையிற் பழகியவர்க்கு, மூன்று பொருள்கள் தொங்கினும் முப்பது தொங்கினும் கணக்கு ஒன்றேயாம்.