நூல் பிறந்து உலாவும் நெறி

தோற்றுவாய்

நாலந்தா என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே கற்றோர் உள்ளம் மகதநாட்டுப் பெரும்பள்ளியை நோக்கிச் செல்லும். ஆயிரக்கணக்கான மாணாக்கர் பயின்ற அப்பள்ளியும் அதன் நூல்நிலையமும் பண்டை உலகிற் பெரும்புகழ் பெற்றவை. ஆயின் ஈழநாட்டிலும் ஒரு நாலந்தா உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணஞ் செல்லும் பெருவீதியில், மாத்தளை நகருக்கு வடக்கே இருபது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் அவ்வூர் அமைந்துள்ளது. பல்லவர் காலத் திராவிடக் கட்டடக்கலையின் சாயல் படிந்த கற்றளி ஒன்று அங்கே உளது. நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். மகாவலித் திட்டத்தின் கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அக்கோயில் நீரில் மூழ்கும் நிலை எய்தியது. எனவே அதனைக் கல்கல்லாகப் பெயர்த்தெடுத்து, மேட்டுநிலத்தில் முன்போலவே அடுக்கி நிறுத்தினர்.

கல்லாலான கோயிலே வேறிடம் பெயர்ந்தாலன்றிப் பிழைத்திலது. அங்ஙனமாயின் ஓலையாலும் தாளாலும் ஆகிய நூலின் நிலை யாது? ஒரு நூல் எழுதப்பட்டமையால் மட்டும் வாழ்ந்துவிடுவதில்லை. ஏட்டிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சுக்கூடத்திலிருந்து படிப்போர் கைக்கும் அது இடையறாது பெயர்ந்துகொண்டே இருத்தல் வேண்டும். எழுதுதல், வெளியிடுதல், பரப்புதல் என்னும் மூன்றும் சேர்ந்த நெறியே நூலின் வாழ்வாகும். தமிழர் அந்நெறியை எவ்வாறு கண்டனர் என்பதும், இன்று அதன் சுமை யார் தோள்மேல் நிற்கின்றது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

ஏட்டுக்காலம்

நாலந்தாவிலிருந்து அதே வீதியில் தெற்கு நோக்கி வருவோர், மாத்தளையை அணுகுமுன் ஆலுவிகாரையைக் காண்பர். கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவே என்பது மரபு. அதுகாறும் பாளிமொழியிலமைந்த அம்மறைகளைத் துறவியர் நெஞ்சிற் பதித்து, வாய்மொழியாகவே வழங்கி வந்தனர். போரும் பஞ்சமும் நாட்டை வருத்தின. மறையை நெஞ்சிற் கொண்டோர் மடியின் மறையும் உடன்மடியும் என்னும் அச்சம் எழுந்தது. அவ்வச்சமே அவர்கள் கையில் எழுத்தாணியைக் கொடுத்தது. 

ஏட்டில் எழுதுதல் எளிய தொழிலன்று. சிங்கள நாட்டார் தாளிப்பனையின் இளவோலையையும், தமிழர் பெரும்பாலும் பனையோலையையும் கொண்டனர். ஓலையை வாரி, அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, அளவொக்க நறுக்கித் துளையிட்ட பின்னரே எழுத்தாணி அதன்மேற் சென்றது. கீறிய எழுத்து விளங்கும்பொருட்டு மைபூசித் துடைத்தனர். இத்துணை முயன்றும் ஏட்டின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. செல்லும் ஈரமும் தீயும் அதற்குப் பகை. ஆதலால் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தல் இன்றியமையாததாயிற்று. படியெடுப்பார் ஒரு தலைமுறை ஓய்ந்திருப்பின், பல தலைமுறைகளின் கல்வி மண்ணாயிற்று. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய காலத்தில் ஆலுவிகாரையின் சுவடித் தொகுதியும் அழிந்தது. மறை முற்றும் மறையாதிருந்தமைக்குக் காரணம், அதன் படிகள் பிறவிடங்களிற் பரவியிருந்தமையே. பரவுதலே நூலுக்குக் காவல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாயிரமும் அரங்கேற்றமும்

நூலை விளம்பரஞ் செய்தல் இக்காலத்தார் கண்டுபிடிப்பு என்று கருதுவாருளர். அது பொருந்தாது. நூலின் முகப்பிற் பாயிரம் அமைதல் வேண்டும் என்று நன்னூலார் விதித்தனர். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டினையும் சிறப்புப் பாயிரம் உணர்த்தல் வேண்டும் என்பது இலக்கணம். நூலை வாங்கப் புகுவான் ஒருவன் அறிய விரும்புவன யாவும் இவ்வெட்டினுள் அடங்கும். இன்று நூலின் பின்னட்டையில் அச்சிடப்படும் குறிப்பு இதன் சுருக்கமே.

அன்றியும், அப்பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்துகொள்ளலாகாது. ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே செய்தற்குரியர் என்றும் வரையறுத்தனர். தற்புகழ்ச்சி தகாது என்பது பொதுவிதி. எனினும் மன்னவனுக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிடும்போதும், மாற்றான் தன்னைப் பழிக்கும்போதும் தன்னைப் புகழ்தல் குற்றமாகாது என்று விலக்கும் அளித்தனர். தன் நூலைத் தானே எடுத்துக்கூற நாணும் எழுத்தாளனுடைய இடர்ப்பாட்டை அன்றே உணர்ந்து வகுத்த விதி இது.

நூல் முற்றியபின் அரங்கேற்றம் நிகழும். கற்றோர் கூடிய அவையில் ஆசிரியன் தன் நூலைப் படித்து, தடைகளுக்கு விடை கூறுவான். அவை ஏற்ற பின்னரே நூல் உலாவத் தகுதி பெறும். வள்ளல் பரிசில் வழங்குவான். மாணாக்கர் படியெடுத்துச் செல்வர். மதிப்புரை, வெளியீடு, விற்பனை மூன்றும் ஒரே அவையில் நிறைவெய்தின என்னலாம். வள்ளலைப் பெறாத புலவன் வறுமையில் வாடினான் என்பதும் மறக்கத்தக்கதன்று.

அச்சின் வருகை

1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியதாயினும், அச்சுத்தொழில் நெடுங்காலம் பாதிரிமாரிடமும் அரசாங்கத்தாரிடமுமே இருந்தது. 1835இல் இந்தியாவிற் கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னரே சுதேசிகளின் அச்சுக்கூடங்கள் பெருகலாயின. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் நிறுவினார். பாடநூல், சமயநூல், இலக்கண இலக்கியம் எனப் பல துறை நூல்கள் அவரால் வெளிவந்தன. எழுதுவோரும், பரிசோதிப்போரும், அச்சிடுவோரும், பரப்புவோரும் அவர் ஒருவரேயாயினர். பள்ளிக்கூடம் நிறுவி நூலுக்கு வாசகரையும் அவரே ஆக்கிக்கொண்டமை கருதத்தக்கது. 

அவர் வழிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி முதலியவற்றை 1881 தொடங்கிப் பதிப்பித்தார். தொட்டால் ஒடியும் ஏடுகளோடு போராடியதேயன்றித் தம் கைப்பொருளையும் அப்பணியிற் செலவிட்டார். உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுக்கு முன்னரே அன்பர்களிடம் கையொப்பம் பெற்று, அவர்கள் உதவிய பொருளைக் கொண்டு செலவை ஈடுசெய்ய முயன்றார். ஒரு வள்ளல் ஈந்த இடத்தைப் பலருடைய சிறு கையொப்பங்கள் பெற்றன. நூற்பதிப்பின் வரலாற்றில் இது பெருமாற்றம். புலவனைப் புரக்கும் கடமை மன்னனிடமிருந்து படிப்போரிடம் வந்து சேர்ந்தது.

மலைநாட்டு நிலை

நாலந்தா வீதிக்கு மற்றொரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்கள் ஏடு கொண்டுவந்திலர், பாடல் கொண்டுவந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்குமாக அவர்கள் துயரம் வாய்மொழியாகவே வாழ்ந்தது. நெஞ்சிற் கொண்டோர் மடியின் பாட்டும் மடியும் என்னும் ஆலுவிகாரையின் அச்சம் இவர்களுக்கும் உரியதாயிற்று.

அதனை எழுத்தாக்கியவர்களுட் சிலரைக் கூறல் தகும். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் இதழ்களும் நூல்களும் வெளியிட்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடிய பாட்டுக்கள் சிறு நூல்களாகவும் வெளிவந்தன. பாட்டைப் பாடிக் கேட்போரை ஈர்த்து, அப்பாட்டு அச்சிட்ட சிறுபுத்தகத்தைச் சில சதங்களுக்கு விற்றல் மலைநாட்டுத் தெருப்பாடகர் கண்ட முறை. எழுத்தறியாதாரும் அதனை வாங்கி, அறிந்தார் ஒருவரைக்கொண்டு படிப்பித்தனர். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார்.

பின்னர்ச் சிறுகதையும் நாவலும் எழுந்தன. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய போட்டிகளிற் பரிசுபெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்னும் பெயரில் வெளிவந்தன. 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி நிறுவனம் உள்நாட்டு நாவல்களை வரிசையாக வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப் எழுதிய ‘காலங்கள் சாவதில்லை’ (1974) அவ்வரிசையில் ஒன்று. மாத்தளையைச் சேர்ந்த மலரன்பன், வடிவேலன், சோமு ஆகிய மூவர் தம் கதைகளை ஒன்றுசேர்த்து ‘தோட்டக்காட்டினிலே’ என்னும் தொகுதியை 1980இல் வெளியிட்டனர். தனித்தனியே நூலாக்குதற்கு அரியதை மூவர் கூடி எளிதாக்கினர். வணிகரான துரை விஸ்வநாதன் நிறுவிய துரைவி பதிப்பகம் 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’ தொகுதியை வெளியிட்டது. பழைய இதழ்களிற் புதைந்து கிடந்த கதைகள் அதனாலே மறுபிறப்பெய்தின.

விற்பனையின் கணக்கு

எழுதியதை அச்சிட்டபின் எழுத்தாளன் இளைப்பாறலாம் என்பது உலகத்தார் எண்ணம். ஈழத்து நிலை அதுவன்று. பதிப்பகங்கள் சிலவே ஆதலின், பெரும்பாலான எழுத்தாளர் தம் பொருளைக் கொண்டே நூலை அச்சிடுகின்றனர். ஐந்நூறு படிகளே பலருக்கும் எல்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் காண்க. ஐந்நூறு படிகள் அச்சிட்டு, ஒரு படியின் அடக்கவிலையைப்போல் இருமடங்கினை விற்பனை விலையாகக் குறித்தால், புத்தகசாலைக்கு மூன்றிலொரு பங்கு கழிவு போக, ஒவ்வொரு படிக்கும் அடக்கவிலையும் அதன் மூன்றிலொன்றுமே கைக்கு வரும். முதல் மீளுதற்கு முந்நூற்றெழுபத்தைந்து படிகள் விற்றாக வேண்டும். தேசிய சுவடிகள் கூடத்துக்கும், மதிப்புரைக்கும், நண்பர்க்கும், சான்றோர்க்கும் என நூறு படிகள் விலையின்றிச் செல்லுமாயின், இலாபந்தர எஞ்சியவை இருபத்தைந்தே. அவையும் விற்றுத் தீர்ந்தால், ஆண்டுக்கணக்கான உழைப்பிற்குக் கிடைப்பது முப்பத்துமூன்று படிகளின் அச்சுச்செலவு. விற்பனை முந்நூறோடு நின்றுவிடின், எழுத்தாளன் கடனாளியாவான். அவனது அடுத்த நூல் கையெழுத்துப் படியாகவே பெட்டியிற் கிடக்கும்.

இவ்விடரை வெல்லுதற்கு எழுத்தாளர் கண்ட வழிகளுள் முதன்மையானது வெளியீட்டு விழா. தலைமையுரை, ஆய்வுரை, முதற்பிரதி பெறுதல், சிறப்புப் பிரதிகள் வழங்குதல், ஏற்புரை என அது நிகழும். பழைய அரங்கேற்றத்தின் உருவம் அதில் இன்றும் தெரிகின்றது. முதற்பிரதியை மிகுபொருள் கொடுத்துப் பெறும் வணிகர் பண்டை வள்ளலின் இடத்தில் நிற்கின்றார். ஆயின் பழைய அவை தடை எழுப்பியது. புதிய அவை பெரும்பாலும் பாராட்டுவதோடு அமைகின்றது. நூலை உண்மையில் ஆராயும் மதிப்புரை குறையுமிடத்து, வாசகன் நல்லதும் தீயதும் அறியாது மயங்குவான்; அதனால் நட்டமடைவது நல்ல நூலே.

மற்றொரு வழி, கால்நடையாகச் சென்று விற்றல். டொமினிக் ஜீவா (1927–2021) யாழ்ப்பாணத்திற் சிகையலங்கார நிலையம் நடத்தியவர். அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிய அவர், அதனைத் தாமே சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்றார். எழுத்தாளன் தன் எழுத்தை விற்பது இழிவு என்னும் எண்ணத்தை அவர் ஏற்றிலர். ஏறத்தாழ அரைநூற்றாண்டு அவ்விதழ் நிலைத்தது.

இக்காலத்தில் வேறு வசதிகளும் உள. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை சர்வதேச நூல் எண்ணை வழங்குகின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் பதிப்புரிமையைக் காக்கின்றது. கணினி வழியாக வேண்டிய படிகளை மட்டும் அவ்வப்போது அச்சிடவும் இயலும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏடுகளும் நூல்களுமாக அளப்பருஞ் செல்வம் அழிந்தது. அவ்விழப்பை உணர்ந்தோர் 2005இல் இணையவழி ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்து வருகின்றனர். ஏட்டிலிருந்து அச்சுக்குப் பெயர்ந்த நூல், அச்சிலிருந்து மின்வடிவுக்குப் பெயர்கின்றது.

முடிவுரை

கருவிகள் மாறின, நெறி மாறிலது. எழுதுவோன் ஒருவனே எனினும் நூலை வாழ்விப்போர் பலர். பண்டைக்காலத்துப் படியெடுத்த மாணாக்கனும், சாமிநாதையருக்குக் கையொப்பமிட்ட அன்பனும், தெருவில் நின்று மல்லிகை வாங்கிய வழிப்போக்கனும் ஒரே தொண்டினைச் செய்தவராவர். இன்று படியெடுக்க வேண்டுவதில்லை. விலைகொடுத்து வாங்கிப் படித்து, நிறைகுறைகளை நேர்மையாக எடுத்துரைத்தலே போதும். நூலை இரவல் பெற்றுப் படித்துவிட்டு எழுத்தாளனை வாயாரப் புகழ்வதால், அந்த முந்நூற்றெழுபத்தைந்து என்னும் எண் நிறைவதில்லை.

நாலந்தாக் கற்றளியை நீர் சூழ்ந்தபோது, அதனைக் கட்டிய சிற்பியர் அதைக் காக்க வந்திலர்; அவர்களை ஒருபோதுங் கண்டிராத பிற்காலத்தவரே கல்கல்லாகச் சுமந்து காத்தனர். நூலும் அத்தகையதே. அதனை ஆக்குதல் ஆசிரியன் கடன்; சுமந்து கரைசேர்த்தல் கற்போர் கடன்.