பூம்புகாரின் புத்த விகாரை: முதலில் செங்கலைக் காப்போம்

பூம்புகாருக்கு வரும் சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் கடற்கரையையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பக்கத்திலேயே, பல்லவனேச்சுரம் பகுதியில், உண்மையான பழைய புகார் தரைமட்டத்தில் கிடக்கிறது.

1960களில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தபோது செங்கல்லால் கட்டிய புத்த விகாரையின் அடித்தளம் வெளிப்பட்டது. வரிசையாகச் சதுர அறைகள், அவற்றுக்கு முன்னால் ஒரு பொதுத் தாழ்வாரம். கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று கணிக்கிறார்கள். சிறிய வெண்கலப் புத்தரும், மங்கலச் சின்னங்கள் செதுக்கிய சுண்ணாம்புக்கல் புத்த பாதமும் கிடைத்தன. அந்தப் பாதத்தின் வேலைப்பாடு ஆந்திரத்துக் கிருஷ்ணா நதிக்கரைச் சிற்பங்களோடு ஒத்துப்போகிறது. துறைமுக நகருக்கு வணிகர்களோடு பௌத்தமும் வந்து போனதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டுமா? பாலியில் எழுதிய ஆசாரியர் புத்ததத்தரும் காவிரிப்பூம்பட்டினத்து (புகாரின் மறுபெயர்) விகாரையில் தங்கி நூல் செய்ததைத் தாமே குறிப்பிட்டிருக்கிறார்.

இத்தகைய இடத்துக்கு மழையைவிட உப்புதான் பெரிய எதிரி. கடலோர நிலத்து ஈரத்தோடு உப்பும் செங்கல்லுக்குள் ஏறுகிறது. வெயிலில் ஈரம் காய, உப்பு உள்ளேயே படிகமாகிப் பருத்துச் செங்கல்லைப் பொடியாக உதிர்க்கிறது. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, பழைய செங்கல் இன்னும் வேகமாகச் சிதையும். அதனால்தான் சுண்ணாம்புச் சாந்து, ஒழுங்கான வடிகால், புல்பூண்டை வேர்விடுமுன் அகற்றும் ஆள் ஆகியவை தேவைப்படுகின்றன. அலங்கார வளைவும் வண்ண விளக்கும் பிறகு வரட்டும்.

அலட்சியத்தின் விலை என்னவென்று தெற்கே நாகப்பட்டினம் காட்டியிருக்கிறது. ராஜராஜன் காலத்தில் எழுந்த சூடாமணி விகாரையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செங்கல் கோபுரத்தை 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் மூன்று நிலைகளோடு பார்த்தார். 1867இல் அரசு அனுமதியோடே அதை இடித்தார்கள். அங்கே கிடைத்த வெண்கலப் புத்தர் சிலைகள் இன்று பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இடத்தில் காட்ட ஒன்றுமில்லை.

பல்லவனேச்சுரத்தில் காட்ட இருக்கிறது. தாழ்வாரம் எது, அறை எது என்று விளக்கும் தமிழ்ப் பலகையும், அன்றைய கட்டட அமைப்பைக் காட்டும் வரைபடமும், புத்த பாதத்தின் வார்ப்புப் பிரதியும் அங்கே இருக்க வேண்டும். மணிமேகலை நடந்த இடம் இதுவே என்று மட்டும் பலகையில் எழுதிவிடக் கூடாது. காப்பியத்தையும் அகழாய்வையும் குழப்பினால் இரண்டின் மதிப்பும் கெடும். கீழையூரில் வெளிப்பட்ட படகுத்துறையையும் வாணகிரி நீர்த்தேக்கத்தையும் இதனோடு சேர்த்து ஒரே சுற்றாக்கி, உள்ளூர் இளைஞர்களுக்கே வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தால், வருகிறவர்கள் இங்கே அரை நாள் தங்குவார்கள்.