விவசாயியும் சொந்தத் தொழிலும்

பயிர்த்தொழில் செய்வோர் பிறர் கூலிக்கு உழைப்பவரல்லர். விதை, எரு, நீர், ஆள் ஆகிய யாவற்றையும் தம் பொறுப்பில் தேடி, லாபமாயினும் நஷ்டமாயினும் தாமே ஏற்பவர்கள். ஆதலின், விளைந்த பொருளை அப்படியே வியாபாரியிடம் கொடுத்துவிடாமல், எண்ணெய்ச் செக்கு, மாவு மில், மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை போன்ற தொழிலொன்றைச் சொந்தமாக நடத்த வேண்டுமென்ற எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பே. இவ்வெண்ணம் போற்றத்தக்கது. ஆயினும், தொழில் தொடங்கும் ஆவலில் நிலத்தை அடமானம் வைத்து, இரண்டொரு வருஷங்களில் தொழிலோடு நிலத்தையும் இழப்பவர்களும் உண்டு. இதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை கூறுவதிற் பயனில்லை. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் கணக்கு வைக்கும் முறையிலுமே பெரும்பாலும் காரணம் அடங்கியுள்ளது. இதை விளக்கக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த காலஞ்சென்ற ஜி. டி. நாயுடு அவர்களின் வரலாறு தக்க உதாரணமாகும்.

பம்பாய் நஷ்டமும் பொள்ளாச்சி பஸ்ஸும்

நாயுடு 1893ஆம் வருஷத்தில் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்திற் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு அதன்மீது ஆவல் கொண்டு, கோயமுத்தூரில் ஓர் ஹோட்டலில் வேலைக்கமர்ந்து, கூலியை மிச்சம் பிடித்து அத்தகைய வண்டியொன்றை வாங்கினார். வாங்கியதும் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்து, யந்திரத்தின் இயல்பைத் தம் கையாலேயே கற்றுக்கொண்டார்.

பின்னர் அவர் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பொருள் சேர்த்தார். ஆனால் பம்பாய்ப் பஞ்சு வியாபாரத்தில் ஈடுபட்டபோது, சேர்த்த பொருளை இழக்க நேர்ந்தது. அதன் பின்பு, 1920ஆம் வருஷத்தில், கோயமுத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒரு வண்டியே நாளடைவில் யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது.

இவ்விரண்டு முயற்சிகளையும் ஒப்பிட்டு நோக்குதல் நலம். பம்பாயில் பஞ்சின் விலை ஏறுவதும் இறங்குவதும் தூர தேசத்துச் செய்திகளைப் பொறுத்தது. அங்கு எவ்வளவு பாடுபட்டாலும் விலையை ஒருவர் தம் உழைப்பால் தடுத்து நிறுத்த இயலாது. பொள்ளாச்சி பஸ்ஸோ அவ்வாறன்று. பொள்ளாச்சிச் சந்தைக்கு வருவோரும் பழனி யாத்திரிகரும் அவ்வழியில் என்றும் உண்டு; யந்திரம் பழுதானால் அதன் காரணத்தை அறியும் கையும் முதலாளியினுடையதே. தம் அறிவும் உழைப்பும் எட்டக்கூடிய தொழிலில் மட்டும் மூலதனத்தை இடவேண்டும் என்பதே இதனால் பெறப்படும் முதற் பாடம்.

நாயுடுவின் பிற்காலத் தொழில்களிலும் இந்த வழக்கத்தைக் காணலாம். 1932இல் பைக்காரா மின்நிலையம் ஏற்பட்டபின், கோயமுத்தூர் ஜில்லாவின் ஆழமான கிணறுகளில் மின்சாரப் பம்பு வைக்க வழி பிறந்தது. 1937இல் அவர் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து மின்சார மோட்டார் தயாரிக்க முற்பட்டார். கண்ணெதிரே இருந்த தேவையும், கைக்குப் பழக்கமான யந்திர வித்தையும் அங்கே ஒன்று கூடின.

சிறு அளவிற் சோதனை

புதிய விதையை முழு வயலிலும் ஒரே போகத்தில் விதைக்கும் விவசாயி இல்லை. முதலில் ஒரு பாத்தியில் விதைத்துப் பார்ப்பார். தொழிலுக்கும் இவ்விதியே பொருந்தும். நிலக்கடலை பயிரிடும் ஒருவர் செக்கு வைக்க விரும்பினால், யந்திரத்தை வாங்குமுன் ஒரு போகத்துக் கடலையில் ஒரு பகுதியை வேறொருவர் செக்கில் கூலிக்கு ஆட்டி, எண்ணெயைத் தாமே விற்றுப் பார்க்க வேண்டும். முதன்முறை வாங்கியவர் மறுமுறையும் தேடி வருகிறாரா, கடன் சொல்பவர் எத்தனை பேர், எண்ணெய் எத்தனை நாள் கெடாமல் நிற்கிறது என்பவை யாவும் அதில் விளங்கிவிடும். செக்கு நடத்துபவரிடம் சில வாரம் கூடமாட வேலை செய்து பழகுவதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

கணக்கின் அவசியம்

சொந்தத் தொழில் செய்வோர் பலர் தவறுவது கணக்கிலேதான். 100 கிலோ நிலக்கடலைக் காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்புக் கிடைக்கும். அதை மரச்செக்கில் ஆட்டினால் ஏறக்குறைய 28 கிலோ எண்ணெயும், 40 கிலோ அளவில் புண்ணாக்கும் கிடைக்கலாம். “கடலை நம் வயலில் விளைந்தது, வேலை நம் வீட்டார் செய்தது, ஆகவே எண்ணெய் விற்ற பணம் யாவும் லாபம்” என்று எண்ணுவது பெரும் பிழை.

அன்றைய சந்தை விலைக்குக் கடலையை வாங்கியதாகவே செலவில் எழுதவேண்டும். வீட்டாரின் உழைப்புக்கு ஊரில் வழங்கும் கூலியையும், மின்சாரக் கட்டணம், பாத்திரம், வண்டிச் சத்தம், கடன் வட்டி ஆகியவற்றையும் சேர்க்கவேண்டும். யந்திரத் தேய்மானத்தையும் மறத்தலாகாது. உதாரணமாக, 3,00,000 ரூபாய் விலையுள்ள யந்திரம் 10 வருஷம் உழைக்குமாயின், மாதம் 2,500 ரூபாயைத் தேய்மானமாகத் தனியே ஒதுக்க வேண்டும். தம் மாட்டுக்குப் போட்ட புண்ணாக்கையும் சந்தை விலைப்படி வரவில் எழுதலாம். இவ்வளவும் போக மிஞ்சுவதே லாபம். ஒன்றும் மிஞ்சாவிடில், காயாகவே விற்றிருந்தால் உழைப்பாவது மிச்சமாயிருக்கும் என்பது தெளிவு.

கடலை வரத்துச் சில மாதங்களுக்கே உண்டு. வட்டியோ பன்னிரண்டு மாதமும் ஓடும். ஆகையால் எள், தேங்காய் முதலியவற்றையும் அக்கம்பக்கத்தாருக்குக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது நலம். சரக்கின் விலை இறங்கும் அபாயம் கூலி வருமானத்துக்கு இல்லை.

நிலம் வேறு, தொழில் வேறு

தொழிற் பணத்தையும் குடும்பப் பணத்தையும் ஒரே பெட்டியில் வைத்தலாகாது. கலியாணச் செலவுக்குக் கடையின் முதலை எடுப்பதும், கடையின் நஷ்டத்தை ஈடுகட்ட வயலை அடமானம் வைப்பதும் இரண்டையும் ஒருங்கே கெடுக்கும். இழந்தாலும் பயிர்ச்செலவு தடைபடாத அளவுக்கு மேல் தொழிலில் இடாதிருப்பதே விவேகம். கடன் அவசியமாயின், வாங்கும் யந்திரத்தையே ஈடாக ஏற்கும் திட்டங்களைப் பாங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் முதலில் விசாரித்தல் வேண்டும். எண்ணெய் முதலிய உணவுப் பண்டங்களைத் தயாரித்து விற்போர், 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறுவதும் அவசியம்.

கிராம அதிகாரிகள் இதில் பேருதவி செய்யக்கூடும். நில ஆவணங்களை வேண்டி ஒருவர் வரும்போது அது தொழிற் கடனுக்காக என்று தெரிந்தால், சோதனை செய்து பார்த்தாரா, கணக்கு எழுதினாரா என்று இரண்டு வார்த்தை கேட்பது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

சொந்தத் தொழிலில் அதிகாரம் செய்ய மேலாள் இல்லை. ஆயினும் குறித்த வேளையில் வண்டியை எதிர்பார்க்கும் பிரயாணியும், சொன்ன நாளில் எண்ணெய் கேட்கும் வாடிக்கைக்காரரும் மேலாளரே. சாக்குச் சொல்ல இடமில்லாத அந்த வேலைக்கு மனத்தைப் பழக்கியவர் துணிந்து இறங்கலாம். மற்றவர்கள் இன்னும் ஒரு போகம் சோதித்துப் பார்த்தபின் இறங்குவது நன்று.